வர்ஜீனியாவா, சுஃப்ரெனா? விஷயம் எரிபொருளில் இருக்கிறது

அணுசக்தியில் ஓடும் தாக்குதல் நீர்மூழ்கிகளை ஒப்பிட உட்கார்ந்தால் எல்லோரும் முதலில் எண்ணுவது ஏவுகணைகளைத்தான். அந்தக் கணக்கில் அமெரிக்காவின் வர்ஜீனியா வகை, பிரான்சின் சுஃப்ரெனை எளிதில் ஓரங்கட்டிவிடும். முன்னது 115 மீட்டர் நீளம், சுமார் 7,800 டன். பின்னது 99 மீட்டர், சுமார் 5,300 டன். வர்ஜீனியாவில் தரை இலக்கைத் தாக்கும் 12 டோமஹாக் க்ரூஸ் ஏவுகணைகளுக்கு மூக்குப் பகுதியிலேயே தனி இடம் உண்டு. புதிய நீட்டித்த வடிவத்தில் அது 40 ஆகிறது. சுஃப்ரெனிடம் இருப்பதோ டார்பிடோ எனும் நீருக்கடியில் பாயும் குண்டை ஏவும் நான்கே நான்கு குழாய்கள். டார்பிடோ, கப்பலை அடிக்கும் எக்ஸோசே, தரை இலக்குக்கான க்ரூஸ் ஏவுகணை எல்லாமே அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஒரு க்ரூஸ் ஏவுகணையைக் கூடுதலாக ஏற்ற நினைத்தால் ஒரு டார்பிடோவைக் கரையில் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

சரி, அத்துடன் தீர்ந்ததா என்றால் இல்லை. எனக்கு உண்மையான வேறுபாடு தெரிவது அணு உலையில்தான்.

அமெரிக்கர்கள் ஆயுதத் தரத்துக்குச் செறிவூட்டிய (அணுப்பிளவுக்கு உதவும் வகையின் பங்கைக் கூட்டிய) யுரேனியத்தை உலையில் வைத்து மூடிவிடுகிறார்கள். கப்பலின் ஆயுட்காலமான 33 ஆண்டுகளுக்கும் அதுவே போதும். பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்துவது மின் நிலையங்களில் எரிவதற்கு நெருக்கமான, குறைந்த செறிவுள்ள யுரேனியம். அதனால் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை எரிபொருளை மாற்ற வேண்டும். கேட்டால் பின்தங்கிய ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் பெரிய பராமரிப்புக்கு எப்படியும் கப்பல் துறைக்கு வரத்தான் போகிறது. கப்பலின் உடலை அறுக்காமல் உலையை எட்டுவதற்கென்றே பெரிய திறப்புகளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உலையின் உள்பக்கத்தைப் பத்தாண்டுக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துவிடவும் முடிகிறது. வெடிகுண்டுக்கு உதவும் யுரேனியத்தைத் தயாரிக்கும் வேலையும் மிச்சம்.

சத்தமில்லாமல் ஓடுவதில் யார் கெட்டிக்காரர் என்பதை வெளியே இருப்பவர்கள் அடித்துச் சொல்ல முடியாது. வடிவமைப்பைப் பார்த்தால், இரண்டிலும் திறந்த விசிறிக்குப் பதில் பம்ப்ஜெட், அதாவது குழாய்க்குள் அடைத்த விசிறி. சுஃப்ரென் மெதுவாகப் போகும்போது மின்மோட்டாரில் ஓடுகிறது. கியர் சத்தம் அப்போது இல்லை. பதுங்கிப் பின்தொடரும் கப்பலுக்கு இது பெரிய விஷயம்.

ஆட்களைப் பொறுத்தவரை சுஃப்ரெனில் 65 பேர், வர்ஜீனியாவில் அதைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் உலை எத்தனை ஆண்டு ஓடினாலும், சுஃப்ரெனில் சாப்பாடு இருப்பது 70 நாளைக்குத்தான். பழைய பெரிஸ்கோப்புக்குப் பதில் இரண்டிலும் கேமரா பொருத்திய கம்பம். 2018-இல் படையில் சேர்ந்த, வர்ஜீனியா வகைக் கப்பலான கொலராடோவில் அதைத் திருப்ப எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியையே கொடுத்துவிட்டார்கள். இளம் மாலுமிகளுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லையாம்!

இந்த ஒப்பீட்டை நிஜத்தில் ஏறக்குறைய செய்து பார்த்த நாடு ஆஸ்திரேலியா. 2016-இல் சுஃப்ரெனின் டீசல் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. 2021 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. 2023-இல் வர்ஜீனியா வாங்கும் திட்டத்தை அறிவித்தது. சொந்தமாக அணுமின் நிலையமோ எரிபொருள் ஆலையோ இல்லாத நாட்டுக்கு, திறக்கவே வேண்டாத உலை வசதிதான். அவை இரண்டும் கையில் இருக்கும் நாடாக இருந்தால், நான் சுஃப்ரென் பக்கம்தான் சாய்வேன்.