மதிலுக்கு உள்ளே மரமா, தெருவோரம் மரமா?

சென்னையில் வீட்டு முன்னால் நிழல் வேண்டுமென்றால் இரண்டு வழி: மதிலுக்கு உள்ளே ஒரு மரம், இல்லையென்றால் தெருவோரம் ஒரு மரம்.

உள்ளே வைத்தால் மரமும் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. தெருவுக்கு நீளும் கிளையை நீங்கள்தான் கழிக்க வேண்டும். மின்கம்பி பக்கம் போய்விட்டால் கைவைக்காமல் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். மதிலோரம் முருங்கை வேண்டவே வேண்டாம். காற்றுக்குச் சட்டென முறியும். காகிதப்பூச்செடி அழகுதான், ஆனால் மதிலைத் தாண்டித் தொங்கும் அதன் முள் நடந்துபோகும் குழந்தையின் கண் உயரத்தில் நிற்கும். அடிக்கடி வெட்டிவிட மனமிருந்தால் மட்டும் வையுங்கள்.

தெருவோர மரம், நீங்களே நட்டுத் தண்ணீர் ஊற்றினாலும், பொதுச் சொத்து. நீங்களாக வெட்டக் கூடாது. கிளை இடைஞ்சலாக இருந்தால் 1913-ஐ அழைத்து மாநகராட்சியிடம் சொல்லலாம். பலர் செய்யும் கொடுமை, அடிமரத்தை ஒட்டி சிமென்ட் பூசுவது. மழைநீர் வேருக்கு இறங்காது, மரம் பருக்கவும் இடமிருக்காது. அப்புறம் புயலில் சாய்ந்தால் யாரை நோவது? 2016 வர்தா புயலில் தெருத்தெருவாக மரங்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்தோமே!

இடம் இருந்தால் உள்ளே வேம்பு வையுங்கள். இல்லையா, வெளியே புங்கைதான் என் தேர்வு. வெயிலில் நடக்கிறவருக்கும் நிழல். அடியில் மட்டும் மூன்றடி மண்ணைத் திறந்து விடுங்கள்.