நீர்ப்பது ஒரே தாவலிலா, படிப்படியாகவா?

1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற செறிவு அளவு) ஸ்டாக், அதாவது அடர்ந்த மூலக் கரைசல், இருக்கிறது; 1 பிபிஎம் கரைசல் 100 மில்லி வேண்டும். சி1வி1 = சி2வி2 (சி செறிவு, வி கன அளவு; 1 நீர்ப்பதற்கு முன், 2 பின்) என்று போட்டால் விடை 0.1 மில்லி. மிகச் சிறு அளவுகளை எடுக்கும் மைக்ரோபிப்பெட்டில் 100 மைக்ரோலிட்டர் (0.1 மில்லி) எடுத்து ஸ்டாண்டர்ட் ஃபிளாஸ்கில் (கழுத்தில் அளவுக்கோடு உள்ள குடுவை) விட்டு, கோடு வரை நிரப்பினால் முடிந்தது. இன்னொரு வழி, 10 மில்லியை 100 மில்லியாக்கி, அதில் மறுபடி 10 மில்லி எடுத்து 100 ஆக்கி, மூன்றாவது முறையும் அதையே செய்வது. அளவுத்திருத்தக் கரைசல்களுக்கு (கருவியின் அளவீட்டைச் சரிசெய்யப் பயன்படும், செறிவு தெரிந்த கரைசல்கள்) நான் இதைத்தான் பின்பற்றுகிறேன்.

நேரம், கழுவும் வேலை, வீணாகும் கரைசல் எல்லாவற்றிலும் நேரடி வழியே மிச்சம். என்னைப் படிமுறைப் பக்கம் இழுத்தது ஒன்றுதான்: எடுக்கும் அளவு குறையக் குறைய, பிழையின் சதவீதம் ஏறுகிறது.

ஏ வகுப்பு (துல்லியம் கூடிய தரம்) 10 மில்லி பிப்பெட்டுக்கு அனுமதித்த பிழை 0.02 மில்லி, அதாவது 0.2%. 100 மில்லி ஃபிளாஸ்குக்கு 0.1%. மூன்று படியிலும் இவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிழைகள் என்றால், வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க 0.4%-க்குள் வரும். ஒரே பிப்பெட்டை மூன்று முறையும் பயன்படுத்தினால் அதன் பிழை ஒரே பக்கம் சாயும், அப்போது 0.6%-ஐச் சற்றுத் தாண்டும். மைக்ரோபிப்பெட்டுக்கோ 100 மைக்ரோலிட்டரில் ஐஎஸ்ஓ 8655 என்ற சர்வதேசத் தரநிலை அனுமதிக்கும் முறைசார் பிழையே (ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாயும் பிழை) 0.8%. கைப்பழக்கம் அதற்கு மேல். மைக்ரோபிப்பெட்டின் முனையில் மாட்டும் டிப்பின் வெளிப்புறம் 2 மைக்ரோலிட்டர் துளி ஒட்டிக்கொண்டு போனாலே 2% கூடிவிடும். 10 மில்லியில் அதே துளி வெறும் 0.02%.

படியைக் குறைக்க 1 மில்லி பிப்பெட்டால் நூறு மடங்கு நீர்ப்பவர்கள் உண்டு. அதன் பிழை 0.6 முதல் 0.8% வரை இருக்கலாம் என்பதால், படிமுறையின் லாபம் பெரும்பாலும் அங்கேயே போய்விடும்.

சரி, படிமுறையில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. முதல் ஃபிளாஸ்கில் தவறினால் கீழே உள்ள எல்லாமே தவறும். அதனால் ஒவ்வொரு ஃபிளாஸ்கையும் மூடிப் பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கிய பிறகே அடுத்த 10 மில்லியை எடுக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் நிற்கும் தண்ணீர் தானாகக் கலக்காது. உலோகக் கரைசல் என்றால் வெறும் தண்ணீருக்குப் பதில் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் நிரப்புங்கள். இல்லையென்றால் குறைந்த செறிவில் அயனிகள் கண்ணாடியில் ஒட்டிவிடும்.

1 மோலார் அமிலத்தை 0.1 ஆக்குவது போன்ற பத்து மடங்கு வேலைகளுக்கு இந்தக் கேள்வியே எழாது, ஒரே படி போதும். எடை பார்த்து நீர்ப்பது இரண்டையும் விடத் துல்லியம் என்பார்கள். நல்ல தராசு இருந்தால் நம்பத்தக்கதே, ஆனால் நான் அதைத் தொடர்ந்து செய்ததில்லை. அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.