ஹியூகோ: தேதியையும் தமிழில் தரும் மென்பொருள்

பெங்களூரு அல்சூரில் இயங்கும் எங்கள் தமிழ் அமைப்பின் ஸ்டாட்டிக் இணையதளம் (பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கும் தளம்) தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் ஹியூகோ மென்பொருளால் உருவாக்கப்படுகிறது. கட்டுரை முழுவதும் தமிழில் இருக்க, தலைப்பின் கீழே தேதி மட்டும் ஆங்கிலத்தில் நிற்பது வாசகருக்கு நாம் செய்யும் குறை என்று கருதுகிறேன். எனவே தேதியை மட்டும் வைத்தே ஹியூகோவை இங்கு மதிப்பிடுகிறேன்.

ஹியூகோ எழுதப்பட்டுள்ள கோ நிரல்மொழிக்கு ஆங்கில மாதப் பெயர்கள் மட்டுமே தெரியும். அதனால் முன்பெல்லாம் பன்னிரண்டு பெயர்களையும் தனிக் கோப்பில் எழுதிவைத்து, மாத எண்ணைக் கொண்டு உரிய பெயரை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. 2021-இல் வெளியான 0.87 பதிப்பு இந்த வேலையை நீக்கியது. டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் அமைப்பை வகுக்கும் கோப்பில், 'டைம் டாட் ஃபார்மேட்' என்ற கட்டளையைப் பயன்படுத்தினால், பக்கத்தின் மொழியைப் பார்த்து மாதம், கிழமை ஆகியவற்றின் பெயர்களை மென்பொருளே மாற்றிவிடுகிறது. தளத்தை உருவாக்கும்போதே இது முடிந்துவிடுவதால், வாசகரின் கைபேசியில் ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் ஓட வேண்டியதில்லை. இதை ஒரு பெரிய நன்மையாகவே சொல்வேன். ஆனால் பழைய தீம்களில் (ஆயத்த வடிவமைப்புத் தொகுப்புகளில்) உள்ள 'டேட் டாட் ஃபார்மேட்' ஆங்கிலத்தையே தரும் என்பதால், அவற்றைத் தேடி மாற்றியாக வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட நாளை எடுத்துக்கொள்வோம். ஆயத்தமாக உள்ள நீண்ட வடிவம் அதை '9 ஆகஸ்ட், 2009' என்று தருகிறது. பிழையில்லை, எனினும் ஆண்டுக்கு முன்னே வரும் காற்புள்ளி தமிழ் அச்சுக்குப் பழகிய கண்ணை உறுத்துகிறது. நல்லவேளையாக வரிசையை நாமே வகுத்துக்கொள்ளலாம். கோ மொழியின் மாதிரித் தேதியான 2006 ஜனவரி 2-ஐ நாம் விரும்பும் வரிசையில் எழுதி, இடையில் 'ஆம் ஆண்டு', 'ஆம் நாள்' என்ற சொற்களைச் சேர்த்தால், '2009-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள்' என்று நிறைவாக வருகிறது. மாதிரியில் மாதப் பெயரை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆடி, ஆவணி போன்ற தமிழ் மாதங்களுக்கு இதில் வழியில்லை. சூரியன் ராசி மாறுவதைக் கொண்டு அவை பிறப்பதால் ஆங்கில நாளோடு ஆண்டுதோறும் சரியாகப் பொருந்துவதில்லை. விழா அறிவிப்புகளில் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் தமிழ்த் தேதியைக் கையால்தான் சேர்க்கிறோம்.