டெக்னாலஜி ஸ்கவுட்டிங் சர்வீஸ் எடுத்தோம்: ஆரம்பம் அமர்க்களம், கடைசில கோட்டை விட்டாங்க

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். நாலு போடலாம்னுதான் இருந்தேன், கடைசி ப்ரசன்டேஷன் பாத்ததும் அரைய கழிச்சுட்டேன். எங்களுக்கு வேண்டிய டெக்னாலஜிய வெளிய தேடி குடுத்த கம்பெனி பேரை போடல, போட்டும் பெரிய பிரயோஜனம் இல்ல. இந்த வேலைய யார் பண்ணாலும் ரூட் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஸ்கோப்பிங் (என்ன வேணும்னு வரையறுக்கறது), தேடல், லாங் லிஸ்ட், ஷார்ட் லிஸ்ட், ரிப்போர்ட், டாட்டா. இதுல எந்த இடத்துல குடுத்த காசுக்கு வொர்த், எந்த இடத்துல நாம உஷாரா இருக்கணும்னு தெரிஞ்சா போதும்.

எங்க கேஸ் இதுதான். நாங்க பவுடர் தயாரிக்கிறவங்க. ட்ரையர்ல இருந்து வர்ற பவுடர்ல ஈரம் எவ்ளோன்னு லைன் ஓடும்போதே தெரியணும். இப்ப என்ன நடக்குதுன்னா சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி 105 டிகிரி ஓவன்ல காய வச்சு, எடை எவ்ளோ கொறஞ்சுதுன்னு கணக்கு போட்டு சொல்றாங்க. அந்த நம்பர் வர்றதுக்குள்ள பவுடர் பையில ஏறி தையலே போட்டிருப்பாங்க. ஈரம் கூடுனா கட்டி புடிக்கும், கொறஞ்சா சும்மா எரிபொருளை எரிச்சு காத்துல விட்டிருக்கோம்னு அர்த்தம். இதுக்கு வெளிய என்னென்ன டெக்னாலஜி இருக்கு, எது எங்களுக்கு ஒத்து வரும்னு தேடி குடுக்கறதுதான் இவங்க வேலை.

ஸ்கோப்பிங்ல பின்னி எடுத்துட்டாங்க, அதை சொல்லியே ஆகணும். எங்க ப்ரொடக்‌ஷன் டீம் எழுதி குடுத்த மொத வரியே "நல்ல என்ஐஆர் சென்சார் வேணும்"னு இருந்துச்சு (என்ஐஆர்னா நியர் இன்ஃப்ராரெட், அகச்சிவப்பு ஒளிய வச்சு அளக்கறது). அவங்க டீம் லீடர் மேடம் அதை ஸ்க்ரீன்ல போட்டுட்டு "ஏன் சார் என்ஐஆர்?"னு மட்டும் கேட்டாங்க. எங்க ஆளு "எல்லாரும் அதானே மேடம் யூஸ் பண்றாங்க"ன்னாரு. "அப்ப அதையே வாங்கிடலாமே சார், எங்களை எதுக்கு கூப்ட்டீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு, அந்த வரியை அழிச்சு "நகர்ந்துக்கிட்டே இருக்கற துகள் குவியல்ல தண்ணி எவ்ளோன்னு சில செகண்டுக்குள்ள தெரியணும்"னு மாத்தி எழுதினாங்க. இப்படி எழுதினதும் தானியம், மரத்தூள், புகையிலை, கான்க்ரீட் போடறதுக்கான மணல்னு இதே தலைவலி இருக்கற எல்லா தொழிலும் தேடற வட்டத்துக்குள்ள வந்துடுச்சு.

இது புது விஷயம் ஒண்ணும் இல்ல. ஜில்லுனு இருக்கற கடல்ல கொட்டின எண்ணெய்ய பார்ஜ்ல அள்ளி வச்சா அது தண்ணியோட சேந்து உறைஞ்சு பம்ப்புக்கு வர மாட்டேங்குதுன்னு அலாஸ்கால இருக்கற எண்ணெய்க் கசிவு ஆராய்ச்சி அமைப்பு 2007ல இன்னோசென்டிவ்ங்கற ஆன்லைன் சவால் தளம் மூலமா பொதுவா ஒரு சவாலா விட்டாங்க. விடை எண்ணெய் துறைக்கே சம்பந்தம் இல்லாத ஒரு கெமிஸ்ட்கிட்ட இருந்து வந்துச்சு, கான்க்ரீட் இறுகாம இருக்க வைப்ரேட்டர் போடறாங்கல்ல, அதையே இதுலயும் போடுங்கன்னாரு. "எண்ணெய் பம்ப் வேணும்"னு கேட்டிருந்தா அவரு எட்டிக்கூட பாத்திருக்க மாட்டாரு.

ஸ்கோப்பிங்லயே அவங்க கேட்ட இன்னொரு கேள்விக்குதான் நான் தனியா ஒரு ஸ்டார் குடுப்பேன். எங்க ஆளுங்க துல்லியம் 0.1 சதவீதத்துக்குள்ள வேணும்னு எழுதியிருந்தாங்க. உடனே அந்த மேடம் "உங்க லேப் ஓவன் எவ்ளோ துல்லியம் சார்?"ன்னாங்க. ரூம்ல ஒரு சத்தமும் இல்ல. அப்புறம் அவங்களே ஒரே டப்பால இருந்து எடுத்த பவுடரை வேற வேற ஷிஃப்ட்ல வேற வேற ஆளு வச்சு டெஸ்ட் பண்ண சொன்னாங்க. ரிசல்ட் ஒண்ணுக்கொண்ணு 0.3 வரைக்கும் ஆடுது. சாம்பிளை திறந்து வச்சிருந்த நேரம், தட்டுல பரப்புன கனம், ஆற வச்ச விதம்னு ஆளுக்கு ஆளு மாறுது. அளவுகோலே 0.3 ஆடும்போது சென்சார் 0.1ல நிக்குதுன்னு எவனாலயும் நிரூபிச்சு காட்ட முடியாது. அதுமட்டும் இல்ல, ஓவன்ல எடை கொறையறதுல தண்ணியோட சேந்து ஆவியாகற மத்த ஐட்டமும் போயிடும், தண்ணிய மட்டும் அளக்கணும்னா கார்ல் ஃபிஷர் டைட்ரேஷன்ங்கற கெமிக்கல் டெஸ்ட்தான் வழி. ஸ்கவுட்டிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எங்க லேபோட ஓட்டை தெரிஞ்சு போச்சு. எங்க க்யூசி (தரக் கட்டுப்பாடு) ஹெட் மூஞ்சி ரெண்டு நாளு சரியில்ல, அது வேற கதை.

அப்புறம் கட்டாயம் வேணுங்கறது, இருந்தா நல்லதுங்கறது ரெண்டையும் பிரிச்சாங்க. ஒவ்வொரு கட்டாயத்துக்கும் "இது இல்லன்னா நெஜமாவே வேணாமா"ன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்க, கொஞ்சம் கழுத்தறுப்பா இருந்தாலும் ஆரம்பத்துல அரை பக்கத்துக்கு இருந்த கட்டாய லிஸ்ட் அஞ்சாறு வரியா சுருங்குச்சு. பவுடர் தூசி வெடிக்கற ஏரியாங்கறதால அதுக்கான சர்டிஃபிகேட் மட்டும் பேச்சுக்கே இடமில்லாத கட்டாயம். மெயின்டனன்ஸ் ஆளு மீட்டிங்ல இல்லன்னா ஆரம்பிக்கவே மாட்டோம்னு அடம் புடிச்சதும் இவங்கதான், சரியான அடம். ஏன்னா கண்ணாடி ஜன்னல்ல பவுடர் படிஞ்சா யாரு தொடைக்கறதுன்னு கேட்டது அவரு ஒருத்தர்தான்.

டிஆர்எல் (டெக்னாலஜி ரெடினஸ் லெவல்) பத்தி கொஞ்சம். டெக்னாலஜி எவ்ளோ பழுத்திருக்குன்னு சொல்ற அளவு, நாசால 1970கள்ல பொறந்தது, மொதல்ல 7 படி, பின்னாடி 9 ஆச்சு, 2013ல ஐஎஸ்ஓ 16290னு ஸ்டாண்டர்டாவும் வந்துடுச்சு. எல்லா சப்ளையரும் "நாங்க 9 சார்"னுதான் சொல்லுவாங்க. மணல்ல 9, எங்க பவுடர்ல எவ்ளோ? ஒட்டற பவுடர், சூடான பைப், நடுங்கற மெஷின்னு இடம் மாறினா படியும் கீழ எறங்கிடும். இவங்க அதை டேபிள்ல ரெண்டு தனி கட்டமா பிரிச்சு, சொந்த தொழில்ல எத்தன, நம்ம தொழில்ல எத்தனன்னு போட்டாங்க. இந்த ரெண்டாவது கட்டம் இல்லாத ரிப்போர்ட்டை யாரு குடுத்தாலும் திருப்பி அனுப்புங்க.

தேடலை பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, நல்லா பண்ணாங்க. கீவேர்டை மட்டும் நம்பாம பேட்டண்ட் கிளாஸிஃபிகேஷன் கோடு வச்சு தேடினாங்க, மைக்ரோவேவ் வச்சு ஈரம் அளக்கறதுக்கு ஜி01என் 22/04னு தனி கோடே இருக்கு, பேட்டண்ட்ல "பவுடர்"ங்கற வார்த்தையே இல்லன்னாலும் அதுல மாட்டிக்கும். எஸ்பாஸ்நெட்ங்கற பேட்டண்ட் தேடற வெப்சைட் இலவசம்தான், இதை நீங்களே பண்ணலாம், ஆனா உக்காந்து பொறுமையா படிக்க ஆளு வேணும். ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கங்க. ஒண்ணு, அப்ளிகேஷன் போட்டு 18 மாசம் கழிச்சுதான் பொதுவா வெளிய வரும், அதனால "உலகத்துல இருக்கற எல்லாத்தையும் பாத்துட்டோம்"னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டு, 20 வருஷம் முடிஞ்சதும் ரினியூவல் கட்டாம விட்டதும் நெறைய கெடக்கு, அந்த நாட்டுல அதை தாராளமா எடுத்துக்கலாம், இந்த செத்த பேட்டண்ட்டையும் தனியா பிரிச்சு குடுத்தாங்க, அருமை.

ஆனா பேட்டண்ட்ட விட அவங்க ஃபோன் போட்டு பேசினதுல கெடச்சதுதான் ஜாஸ்தி. எங்க பேரை சொல்லாம பேசினாங்க. மொத சுத்துல ரகசியம் எதையும் சொல்லாதீங்கன்னு எதிராளிகிட்ட அவங்களே முன்கூட்டியே சொல்லிடறாங்க, என்டிஏவே (ரகசியம் காக்கற ஒப்பந்தம்) போடல. எனக்கு மொதல்ல வினோதமா இருந்துச்சு. காரணம் கேட்டா, ரகசியத்தை காதுல வாங்கிட்டா நாளைக்கு நம்ம ஆராய்ச்சி டீம் சொந்தமா அதே மாதிரி ஒண்ணு பண்ணாலும் "எங்ககிட்ட இருந்து எடுத்துட்டீங்க"ன்னு வம்பு வரும்னாங்க. ஷார்ட் லிஸ்ட் ஆனதுக்கப்புறம் என்டிஏ போட்டுக்கலாம். கரெக்ட்தான்.

இப்ப லிஸ்டுக்கு வருவோம். என்ஐஆர், மைக்ரோவேவ் ரெசொனன்ஸ், கெபாசிட்டன்ஸ், என்எம்ஆர், டெராஹெர்ட்ஸ், நியூட்ரான் வரைக்கும் ஈரம் அளக்கற பல முறைகளை கொண்டு வந்தாங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது, எதை ஏன் தூக்கினோம்னு ஒரே ஒரு வரில எழுதின அந்த டேபிள். நியூட்ரான்னா கதிரியக்க லைசென்ஸ், அவுட். கெபாசிட்டன்ஸ் (மின்சாரத்தை தேக்கற திறனை வச்சு அளக்கறது) சிம்பிள்தான், ஆனா பவுடர் எவ்ளோ இறுக்கமா விழுந்துருக்குங்கறதையும் சேத்து ஈரம்னு சொல்லிடும். என்ஐஆர் தண்ணிய 1450, 1940 நானோமீட்டர் பக்கம் நல்லா புடிக்கும், ஆனா பாக்கறது மேல் தோல மட்டும்தான், பொட்டணத்துக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கு தெரியாது, போதாததுக்கு ஜன்னல்ல தூசி படிஞ்சா அந்த தூசியோட ஈரத்தையே நாள் பூரா காட்டிக்கிட்டு இருக்கும். மைக்ரோவேவ் ரெசொனன்ஸ்ல ரெண்டு நம்பர் கெடைக்குது, அலை உச்சத்துக்கு போற ஃப்ரீக்வென்சி எவ்ளோ நகருதுன்னு ஒண்ணு, அந்த உச்சம் (பீக்) எவ்ளோ அகலமாகுதுன்னு ஒண்ணு. ரெண்டுமே பவுடரோட அளவுக்கு தகுந்த மாதிரி மாறும், ஆனா ஒண்ண இன்னொண்ணால வகுத்தா அளவு அடிபட்டு ஈரம் மட்டும் மிச்சம் நிக்கும். புகையிலைக்காரங்க இதை ரொம்ப காலமா யூஸ் பண்றாங்களாம். எங்க இண்டஸ்ட்ரி எக்ஸிபிஷனுக்கு எத்தன தடவ போனாலும் இது கண்ணுல பட்டிருக்காது. கொறையையும் மறைக்கல, படிகத்துக்குள்ள கட்டுப்பட்ட தண்ணிய இது சரியா பாக்காது, வெப்பத்துக்கு தனியா திருத்தம் போடணும்னு எழுதியிருந்தாங்க.

இதுவரைக்கும் நாலு ஸ்டார். சறுக்கல் இங்கதான் ஆரம்பிக்குது.

ஸ்கோரிங் மேட்ரிக்ஸ்னு ஒண்ணு குடுத்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு மார்க், வெயிட்டேஜ் பெருக்கி கூட்டி ஒருத்தனுக்கு 3.72, இன்னொருத்தனுக்கு 3.68, அதனால 3.72தான் ஜெயிச்சான்னு பச்சை கலர். அந்த மார்க் எல்லாம் மீட்டிங்ல உக்காந்து குத்துமதிப்பா போட்டது, அதுல ரெண்டாவது தசம புள்ளிய வச்சு ஜெயிச்சான் தோத்தான்னா என்ன நியாயம்? வெயிட்டேஜ்ல ஒண்ண லேசா மாத்தினேன், வரிசையே தலைகீழாச்சு. கேட்டா "மேனேஜ்மென்ட் நம்பர் கேப்பாங்க சார்"னு பதில்.

அதவிட கடுப்பு, பேட்டண்ட் ரிஸ்க்குன்னு டேபிள்ல ஒரு கட்டம், எல்லாத்துக்கும் பச்சை புள்ளி. ஒரு வக்கீல்கூட பாக்கல. நம்ம டிசைன் யாரோட உயிரோட இருக்கற பேட்டண்ட் க்ளெய்ம்ல (உரிமைக் கோரல்) மாட்டும்னு நாடு நாடா பாத்து சொல்றது தனி வேலை, அதை ஸ்கவுட் பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. "பாக்கல"ன்னு எழுதியிருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன், பச்சை புள்ளி வச்சு பூசி மெழுகினதுதான் தப்பு. அதை நம்பி எவனாவது ஆர்டர் போட்டிருந்தா?

கடைசி மீட்டிங் இன்னும் மோசம். தடி தடியா ஸ்லைடு, பாதி சந்தை வளர்ச்சி க்ராஃப், எங்களுக்கு எதுக்குன்னே தெரியல. ட்ரையல் எப்படி பண்றது, என்ன ரிசல்ட் வந்தா தொடரலாம், என்ன வந்தா நிறுத்தலாம்னு ஒரு பக்கம்கூட இல்ல. மாசக்கணக்கா சப்ளையர் இன்ஜினியர்ங்ககிட்ட பேசி பழகினவங்க, எங்களை அறிமுகம் பண்ணது ஒரு வரி மெயில்ல. அந்த இன்ஜினியருக்கு எங்க பவுடரோட சூடுகூட தெரியாது, எல்லாத்தையும் மறுபடி மொதல்ல இருந்து சொன்னோம். இன்னும் கொஞ்ச நாள்ல புதுசா எதாவது வெளிய வந்தா சொல்லுவீங்களான்னா அது தனி காண்ட்ராக்டாம்.

டெக்னாலஜி கெடச்சுடுச்சுங்கறதுக்கும் அது ஓடுதுங்கறதுக்கும் நடுவுல இருக்கற தூரத்தை இந்த தொழில்ல இருக்கறவங்களே கொறச்சு மதிப்பிடறாங்க. நெட்ஃபிளிக்ஸ் 10 லட்சம் டாலர் பரிசு வச்சு சிபாரிசு அல்காரிதம் தேடினாங்க, 2009ல ஜெயிச்ச டீமுக்கு காசும் குடுத்தாங்க, ஆனா அந்த ஜெயிச்ச முழு மாடலை சிஸ்டத்துல ஏத்தவே இல்ல. கூடுதலா கெடைக்கற துல்லியம் அதை ஏத்தற வேலைக்கு கட்டுப்படியாகலன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அப்படின்னா நமக்கு?

ட்ரையலை நாங்களே பாத்துக்கிட்டோம். ஷார்ட் லிஸ்ட்ல இருந்த ரெண்டு பேருக்கும் ஈரம் வேற வேற அளவுல சாம்பிள் அனுப்பினோம், அதுல ஒரே சாம்பிளையே வேற வேற நம்பர் ஒட்டி சொருகி வச்சோம், யாருகிட்டயும் சொல்லல. மைக்ரோவேவ்காரங்க அந்த ஜோடிகளுக்கு கிட்டத்தட்ட ஒரே விடைய குடுத்தாங்க, பவுடரை தட்டி இறுக்கினதுக்கும் பெருசா ஆடல. என்ஐஆர்காரங்க ரிப்போர்ட் பாக்க அழகா இருந்துச்சு, ஆனா ஜோடிக்கு ஜோடி விடை தள்ளி தள்ளி நின்னுச்சு. ரெண்டு பேரும் அவங்கவங்க லேப்ல பண்ணது, நம்ம லைன்ல தூசிக்கும் சூட்டுக்கும் நடுவுல எப்படின்னு இனிமேதான் பாக்கணும். பைபாஸ் பைப்ல ஒண்ணு மாட்டியிருக்கோம், லேப் நம்பரோட ஒத்துப் பாத்துக்கிட்டு இருக்கோம்.

எடுக்கலாமான்னு கேட்டா, ஸ்கோப்பிங்குக்கும் வெளி தொழில்ல தேடறதுக்கும் கண்டிப்பா எடுக்கலாம், உள்ள இருக்கற ஆளுங்களால அந்த கேள்விகளை அவ்ளோ துணிச்சலா கேக்க முடியாது. ஆனா ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிக்கங்க: தூக்கினதுக்கான காரணத்தோட டேபிள், ட்ரையல் ப்ளான், நாம, ஸ்கவுட், சப்ளையர் இன்ஜினியர்னு மூணு தரப்பும் உக்கார்ற ஒரு கான்ஃபரன்ஸ் கால், கடைசி தவணை அந்த கான்ஃபரன்ஸ் முடிஞ்ச பிறகு. ஸ்கோரிங் மேட்ரிக்ஸ் வேணாம்னு சொல்லிடுங்க, அந்த நேரத்துல இன்னும் நாலு பேருக்கு ஃபோன் போட சொல்லலாம்.