கவுன்சில் பீச் ஹட்: ஹட்டுக்கு நாலு ஸ்டார், ஆபீஸுக்கு ரெண்டு

இங்கிலாந்து தெற்குக் கடற்கரையில நாங்க இருக்கிற ஊர்ல, ஊர் நிர்வாகமான கவுன்சில்கிட்ட இருந்து, போன ஆகஸ்ட்ல ஒரு வாரத்துக்கு பீச் ஹட் (கடற்கரையில இருக்கிற குட்டி மரக்குடில்) வாடகைக்கு எடுத்தோம், கையோட வருஷ வாடகை ஹட்டுக்கும் வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் போட்டு வைக்கலாம்னு ஆபீஸ் பக்கம் போனேன். ரெண்டுக்கும் சேர்த்து இந்த ரிவ்யூ. கவுன்சில் பேரை வேணும்னே போடல, பக்கத்து ஊர்க்காரங்ககிட்ட பேசினாலும் கிட்டத்தட்ட இதே பாட்டுதான் பாடுறாங்க.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். ஹட்டுன்னா பெருசா எதுவும் கற்பனை பண்ணிக்காதீங்க, மரப்பலகையில ஒரு பெட்டிக்கடை சைஸ்ல ரூம், ரெண்டு கதவு, உள்ள ஒரு மேடை, நாலு மடக்கு நாற்காலி, ஒரு கர்ட்டன், அவ்வளவுதான். கரண்ட் கிடையாது, தண்ணி வேணும்னா நடைபாதையில இருக்கிற பொதுக் குழாய்ல போய் பிடிச்சுட்டு வரணும், டாய்லெட்டும் பொதுதான். ஆனா ஆகஸ்ட்டா இருந்தாலும் இங்க திடீர்னு மழை வரும், காத்து அடிச்சா மணல் வாய்க்குள்ள போகும், அந்த நேரத்துல கதவை சாத்திட்டு உள்ள உக்காந்து டீ போட்டு குடிக்க ஒரு இடம் இருக்கே, அதுக்காகவே எவ்வளவு வேணா குடுக்கலாம் போல இருந்துச்சு. மாமியார் மொத நாள் "இதுக்கா இவ்வளவு காசு"ன்னு கேட்டாங்க, மூணாவது நாள்ல இருந்து அவங்கதான் காலையில மொத ஆளா கிளம்பி நின்னாங்க.

மெயின்டனன்ஸ்லயும் குறை இல்ல. உப்புக்காத்துல பூட்டு துருப்பிடிச்சு சாவி திரும்பவே மாட்டேன்னுச்சு, நோட்டீஸ் போர்டுல இருந்த நம்பருக்கு போன் பண்ணேன், மதியத்துக்குள்ள ஒருத்தர் எண்ணெய் டப்பாவோட வந்து சரி பண்ணிட்டு, புதுப் பூட்டு ஒண்ணையும் குடுத்துட்டுப் போனார். வெளியில வேலை பாக்குற ஆளுங்க தங்கமான ஆளுங்க.

ரூல்ஸ் பத்தி நிறைய பேர் புலம்புவாங்க, எனக்கு அதுல பெரிய பிரச்சனை இல்ல. ராத்திரி தங்கக் கூடாதுங்கறதுதான் முக்கியமான ரூல், பெரும்பாலான ஊர்ல இதேதான். நியாயமும் இருக்கு, மரத்துல செஞ்ச ஹட் எல்லாம் தோளோட தோள் ஒட்டி வரிசையா நிக்குது, ஆளாளுக்கு ஒரு கேஸ் அடுப்பு, டிரெய்னேஜ் கிடையாது, இதுல ஆளுங்க குடித்தனம் நடத்த ஆரம்பிச்சா என்ன ஆகும்? விதிவிலக்கு ஒண்ணு இருக்கு, இதே தெற்குக் கடற்கரையில கிறைஸ்ட்சர்ச் ஊர் பக்கம் மடிஃபோர்ட் சாண்ட்பேங்க்ங்கற மணல் திட்டு. அங்க சுமார் 350 ஹட் இருக்கு, மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ராத்திரி தங்கலாம், கார் போகாது, படகுலயோ குட்டி ரயில் வண்டியிலயோ நடந்தோதான் போகணும். அந்த ஒரு அனுமதிக்காகவே அங்க ஹட் மூணு லட்சம் பவுண்டுக்கு மேல எல்லாம் வித்திருக்கு. குளிக்கவும் டாய்லெட்டுக்கும் பொது இடத்துக்குத்தான் போகணும், அதுக்கு மூணு லட்சம். சரி, அவங்க காசு.

இதுல ஒரு பழைய கதை இருக்கு, எனக்கு பிடிச்ச விஷயம். அந்தக் காலத்துல பெண்கள் குளிக்கிறதை யாரும் பாக்கக் கூடாதுன்னு சக்கரம் வெச்ச மர வண்டிக்குள்ள உடை மாத்திக்கிட்டு, அந்த வண்டியையே தண்ணி வரைக்கும் தள்ளிட்டு போவாங்களாம், விக்டோரியா ராணிகூட வைட் தீவுல இருந்த தன்னோட ஆஸ்போர்ன் மாளிகைக் கடற்கரையில அப்படித்தான் குளிச்சிருக்காங்க. அந்த வழக்கம் போனதும் வண்டிக்கு வேலை இல்லாம போச்சு, சக்கரம் கழண்டு கரையிலயே ஹட்டா நின்னுடுச்சு. கவுன்சில் தானே கட்டி வாடகைக்கு விட ஆரம்பிச்சது போர்ன்மத்ல 1909ல, அந்த ஊர் முனிசிபல் எஞ்சினியர் ஆபீஸ்ல இருந்த ஃபிரெடெரிக் பெர்சி டோலமோர்ங்கறவர் டிசைன் பண்ணது. கவுன்சில்கள் நூறு வருஷத்துக்கு மேல இதே வேலையை பண்ணிட்டு இருக்காங்க, அதனாலதான் ஆபீஸ் பக்கம் இவ்வளவு சொதப்பலா இருக்கறதை பாத்தா எரிச்சல் வருது.

சரி, எரிச்சலுக்கு வருவோம். வெயிட்டிங் லிஸ்ட்டுக்கு ஃபார்ம் எங்கன்னு கேட்டா, லிஸ்ட் மூடியாச்சுன்னு ஒரு வரி மெயில் வந்துச்சு. எப்ப திறப்பீங்க, லிஸ்ட்ல எத்தனை பேர் இருக்காங்க, வருஷத்துக்கு எத்தனை ஹட் காலியாகுதுன்னு திரும்ப கேட்டேன், பதிலே இல்ல, ஞாபகப்படுத்தி எழுதினா அதே ஒரு வரி மெயில் திரும்ப வருது. அதே சமயம் நாங்க இருந்த அந்த வாரம் பூரா, நல்ல வெயில் அடிச்ச நாள்லகூட, எங்க வரிசையில பாதி ஹட்டுக்கு மேல பூட்டு தொறக்கவே இல்ல. ஆகஸ்ட்ல! பக்கத்து ஹட்டுல வருஷ வாடகைக்கு இருக்கிற வயசான அம்மா ஒருத்தங்க சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "அந்த நீலக் கதவு ஹட்டை தொறந்து நான் பாத்து வருஷக்கணக்காச்சு, ஆனா பெயிண்ட் மட்டும் கரெக்டா அடிச்சுடுவாங்க"ன்னு.

ஏன்னா பெயிண்ட்டுக்குத்தான் இன்ஸ்பெக்ஷன் உண்டு. கலர் மங்கியிருந்தா, பலகை உளுத்திருந்தா கதவுல மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிடுவாங்க, இத்தனை நாள்ல சரி பண்ணலன்னா ஹட் வெச்சுக்க கவுன்சில் குடுத்த லைசென்ஸ் போயிடும்னு. கலர் ரூல் தப்புன்னு சொல்லல, பிரைட்டனை ஒட்டியிருக்கிற ஹோவ் ஊர்ல கதவுக்கு மட்டும்தான் இஷ்டப்பட்ட கலர், மத்ததெல்லாம் சொன்னபடிதான் இருக்கணும், அந்த வரிசையை தூரத்துல இருந்து பாத்தா எவ்வளவு அழகா இருக்கு. ஆனா பெயிண்ட்டை எட்டிப் பாக்கிற அதே ஆளு பூட்டையும் ஒரு தடவை பாத்துட்டு போகலாம்ல?

கடுப்பாகி தகவல் சுதந்திரச் சட்டத்துல கேள்வி போட்டேன், இங்க 2000ல வந்த சட்டம் அது, 20 வேலை நாளுக்குள்ள பதில் குடுத்தே ஆகணும், காசும் கேக்கல. ஹட் ஆபீஸ் மாசக்கணக்கா சொல்லாததை, கவுன்சில்ல இந்தச் சட்டக் கேள்விகளைப் பாக்குற டீம் கெடுவுக்குள்ள அழகா அட்டவணை போட்டு அனுப்பிடுச்சு, லிஸ்ட்ல எத்தனை பேர்னும் வந்துச்சு, பாத்ததும் ஆசையே விட்டுப்போச்சு. எந்த ஹட்டை எவ்வளவு நாள் பயன்படுத்துறாங்கன்னு கணக்கு வெச்சிருக்கீங்களாங்கற கேள்விக்கு மட்டும், அப்படி எந்தப் பதிவும் இல்லைன்னு பதில். அதாவது எந்தக் கதவு என்ன கலர்ங்கறது தெரியும், கதவு தொறக்குதாங்கறது தெரியாது. வருஷ வாடகைக்கு அஞ்சு வருஷம்னு ஒரு காலக்கெடு வெச்சு, அப்புறம் லிஸ்ட்ல அடுத்த ஆளுக்கு குடுத்தா என்ன கெட்டுப்போகும்? இல்ல, தொறக்காத நாளைக்காவது நாள் வாடகைக்கு விடுங்கப்பா, கவுன்சிலுக்கும் வருமானம்தானே.

வாடகை வருஷா வருஷம் ஏறுதுன்னு பக்கத்து அம்மா புலம்பினாங்க, அதுல எனக்கு கவுன்சில் மேல அவ்வளவு கோவம் இல்ல. பெரியவங்களைப் பாத்துக்கிற செலவே இந்த மாதிரி கவுன்சில்களோட பணத்துல பெரும் பங்கை முழுங்குது, அது சட்டப்படி செஞ்சே ஆகணும், பீச் ஹட் அப்படி இல்ல, அதனால ஏத்துறதுன்னா இதுலதான் ஏத்துவாங்க. கடலோரமா ஹட் வெச்சுக்க முடிஞ்சவங்க கொஞ்சம் கூட குடுக்கட்டும். ஆனா ஏத்துறதை சீசன் தொடங்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி கடுதாசி போட்டு சொல்றது தப்பு, முந்தின இலையுதிர் காலத்துலயே சொல்லிட்டா பிடிக்காதவங்க விட்டுட்டு போவாங்க, லிஸ்ட்டும் நகரும்.

வாடகைக்கு எடுக்கப் போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு விஷயம். பள்ளிக்கூட லீவு வாரம் வேணும்னா புக்கிங் திறக்கிற அன்னைக்கு காலையிலயே உக்காந்துடுங்க, ஜூன், செப்டம்பர் வாரங்கள் விலையும் கம்மி, கிடைக்கவும் கிடைக்கும், செப்டம்பர்ல கடல் தண்ணியும் ஜூனைவிட குளிர் கம்மியா இருக்கும். துடைப்பம் கொண்டு போங்க, கதவிடுக்கு வழியா மணல் வந்துட்டேதான் இருக்கும். கவுன்சில் பதில் குடுக்கலன்னா முதல்ல அவங்க கம்ப்ளெயின்ட் நடைமுறையை முடிங்க, அதுக்கப்புறம்தான் கவுன்சில் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மன்கிட்ட போக முடியும், நேரா போனா திருப்பி அனுப்பிடுவாங்க.

லிஸ்ட் வேண்டாம், தனியார்கிட்டயே வாங்கிடலாம்னு நினைக்கிறவங்க ரொம்ப ஜாக்கிரதை. ஹட் அவங்களுது, அடியில இருக்கிற நிலம் பெரும்பாலும் கவுன்சிலுது, நீங்க காசு குடுத்து வாங்குறது பலகையும் ஆணியும்தான். லைசென்ஸ் தானா உங்க பேருக்கு மாறாது, டிரான்ஸ்ஃபர் ஃபீ தனி, உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்தான்னு சில ஊர்ல ரூல் இருக்கு, இன்ஷூரன்ஸும் உங்க தலையில. புயல்ல அலை தூக்கிட்டு போனா கவுன்சில் காசு தராது, உடைஞ்ச பலகையை அள்ளுற செலவையும் உங்ககிட்டயே கேக்கலாம். விக்கிறவர்கிட்ட லைசென்ஸ் காப்பியை வாங்கி, எத்தனை நாள் நோட்டீஸ்ல ஹட்டை எடுக்கச் சொல்லலாம்னு போட்டிருக்கிற பக்கத்தை தேடிப் படிச்சுட்டு, அதே கேள்வியை கவுன்சிலுக்கும் எழுதிக் கேட்டு எழுத்துல பதில் வாங்கிட்டு, அதுக்கப்புறம் அட்வான்ஸ் குடுங்க.