போரோவா, ரூஃபா? நம்மூர் ஈரத்துக்கு எந்தப் பைனாகுலர் தாங்கும்

பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் போரோ வகை ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1 வாங்கலாமா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் காசு சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் போகிற ரூஃப் வகை நிக்கான் மோனார்க் எம்5 8×42 வாங்கலாமா என்று பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதில் எம்5. நான் வைத்திருப்பதும் அதுதான், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது முதலிலேயே தெரிந்துவிடட்டும். படம் எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதை வைத்து மட்டும் பார்த்தால் விலை வித்தியாசத்துக்கு ஏற்ற வித்தியாசம் கிடையாது. என்னை இந்தப் பக்கம் தள்ளியது ஈரம்.

முதலில் சில விஷயங்களைச் சட்டென்று கடந்துவிடலாம். 8 மடங்கா 10 மடங்கா? 8 எடுங்கள். 10 மடங்கில் பறவையோடு சேர்ந்து உங்கள் கை நடுக்கமும் பெரிதாகும், தெரியும் பரப்பும் குறையும், இலைக்கூட்டத்தில் தாவும் குருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போயிருக்கும். வேதாரண்யம் உப்பளத்தில் நின்று எங்கோ தூரத்தில் இருக்கும் உள்ளான்களை மட்டுமே பார்க்கிறேன் என்பவருக்கு 10 கொஞ்சம் உதவும், ஆனால் அவருக்கு உண்மையில் தேவைப்படுவது முக்காலியில் வைக்கும் ஸ்கோப். முன்பக்கக் கண்ணாடி 40 அல்லது 42 மி.மீ. இருந்தால் விடியற்காலை வெளிச்சத்துக்குப் போதும். இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அடுத்து, போரோவுக்கு நியாயம் செய்துவிடுகிறேன். பழைய சினிமாவில் ராணுவ அதிகாரி வைத்திருப்பாரே, தோள் அகன்ற அந்த வடிவம்தான் போரோ. அதன் பட்டகத்துக்குள் (பிரிசம்) ஒளி முழுவதுமாகப் பிரதிபலித்துத் திரும்புகிறது, அதனால் பட்டகத்துக்குத் தனியாகப் பிரதிபலிப்புப் பூச்சு எதுவும் தேவையில்லை. நேர்க்குழாயாக இருக்கும் ரூஃப் வகையில் பெரும்பாலும் பட்டகத்தின் ஒரு முகத்தில் பிரதிபலிப்புப் பூச்சு வேண்டும், அது போதாதென்று பட்டகத்தில் பிரிந்து சேரும் ஒளி அலைகளின் பிசகைச் சரிசெய்யும் கட்டத் திருத்தப் பூச்சு (phase coating) என்று இன்னொன்றும் வேண்டும். விலை மலிவான ரூஃபில் இவற்றில்தான் கை வைப்பார்கள், படம் மங்கலாகவும் சப்பென்றும் இருக்கும். அதனால் பத்தாயிரத்துக்குள் என்றால் பெயர் தெரியாத ரூஃபைவிட நல்ல போரோ எப்போதும் மேல். டிபிஎஸ்-1 காட்டும் பரப்பும் பெரிது: 8.2 டிகிரி, அதாவது 1000 மீட்டர் தூரத்தில் 143 மீட்டர் அகலம். எம்5-இல் 6.4 டிகிரி, 112 மீட்டர்தான். வேடந்தாங்கலில் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டமாக மரத்தில் இறங்குவதைப் போரோவில் பார்த்தால் அந்த அகலமும் ஆழமும் தனி அழகு. இதில் எம்5 தோற்கிறது, சந்தேகமே இல்லை.

ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த அகலம் முழுசாகக் கிடைக்காது. கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் வரை தள்ளி வைத்து முழு வட்டத்தையும் பார்க்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. டிபிஎஸ்-1-இல் அது 12 மி.மீ., எம்5-இல் 19.5 மி.மீ. கண்ணாடியோடு போரோவில் பார்த்தால் ஓரம் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும்தான் தெரிகிறது, கழற்றிக் கழற்றி மாட்டுவது பறவை பார்க்கும்போது நடக்கிற காரியமா? கிட்டத்தில் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. வேலியோரம் தேன்சிட்டோ, கூடவே ஒரு பட்டாம்பூச்சியோ வந்தால் எம்5 இரண்டரை மீட்டர் வரை தெளிவாகக் காட்டும், மற்றது நான்கு மீட்டருக்கு இந்தப் பக்கம் காட்டாது. எடை எம்5 630 கிராம், டிபிஎஸ்-1 710 கிராம். காலையிலிருந்து கழுத்தில் தொங்கினால் பதினோரு மணிக்கு மேல் அந்த 80 கிராம் தெரியும்.

சரி, ஈரத்துக்கு வருவோம்.

நம்மூரில் வலசைப் பறவைகள் வரும் நேரமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்று. ஆறுமணிக் குருவி புதர்க்காட்டுத் தரையில் சருகைக் கிளறத் தொடங்குவதும், பள்ளிக்கரணையில் வாத்துகள் சேர்வதும், வீட்டுச் சுவரில் ஓதம் ஏறுவதும் ஐப்பசி கார்த்திகையில்தான். பைனாகுலரை அதிகம் வெளியே எடுக்கும் மாதங்களே காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் மாதங்கள்.

இப்போது சாதாரணப் போரோவின் ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். கண் வைக்கும் இரண்டு குழல்களும் ஒரு பாலத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் நகரும். அப்படி நகரும்போது உள்ளே இருக்கும் இடம் கூடிக் குறைகிறது, சைக்கிள் பம்பு மாதிரி வெளிக்காற்றை இழுத்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு பறவைக்கும் ஃபோகஸ் மாற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஈரக் காற்று உள்ளே போகிறது, கூடவே தூசியும் பூஞ்சை வித்துகளும். எம்5 போன்ற ரூஃபில் ஃபோகஸ் செய்யும் வில்லை குழாய்க்குள்ளேயே நகர்கிறது. வெளியே எதுவும் நீளுவதில்லை, இணைப்புகளில் ரப்பர் வளையம், உள்ளே காற்றுக்குப் பதில் உலர்ந்த நைட்ரஜன். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் இறங்காது என்று நிக்கான் சொல்கிறது. அப்படி அடைத்த இடத்தில் ஈரக்காற்றும் எளிதில் நுழையாது.

ஏசி போட்ட காரிலிருந்து காலையில் ஏரிக்கரையில் இறங்கினால் இது கண்ணுக்கே தெரியும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிப்பக்கம் இரண்டிலுமே பனி படியும், துடைத்தால் போகும், கொஞ்ச நேரத்தில் தானாகவும் போகும். அடைப்பில்லாத பைனாகுலரில் உள்பக்கமும் படியும். அதைத் துடைக்க வழியில்லை. அந்த ஈரம் பட்டகத்தில் தங்கிய நிலையிலேயே துணி உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தால் ஃபங்கஸ் வளர இருட்டு, ஈரம், காற்றோட்டமின்மை எல்லாம் கச்சிதமாக அமைந்துவிடும்.

ஃபங்கஸ் பிடித்ததை முதலில் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், நேராகப் பார்த்தால் படம் நன்றாகத்தான் இருக்கும். வெயிலுக்கு எதிராகப் பார்க்கும்போது மட்டும் எல்லாம் பால் ஊற்றியது போல வெளுக்கும். திருப்பிப் பிடித்து ஒரு பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்து, மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை கிளையாக மெல்லிய இழைகள் ஓடுவது தெரியும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரிக்கும், நாள்பட்டால் பூஞ்சையை நீக்கினாலும் தடம் போகாது. வால்பாறையில் இருக்கும் நண்பர் ஒருவரின் போரோவைச் சுத்தம் செய்யப் பிரித்தபோது பட்டகம் துளி நகர்ந்து, இரண்டு கண்ணுக்கும் படம் ஒன்றுசேராமல் போனது. இரண்டு குழாயையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரக் கருவியும் பழகிய கையும் வேண்டும். கேமரா பழுது பார்க்கும் எல்லாக் கடையிலும் அது கிடையாது, கிடைத்தாலும் கூலி ஒரு புதுப் போரோ விலையில் கணிசமான பங்கு ஆகிவிடும். விலை குறைவு என்று வாங்கியதன் லாபம் இங்கேதான் கரைகிறது.

கடற்கரைக்கு இன்னொரு கணக்கு. கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ அரைநாள் இருந்தால் உப்பு படிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் எம்5-ஐ மெல்ல ஓடும் குழாய்த் தண்ணீரில் கழுவி, கண் வைக்கும் இடத்து ரப்பரின் அடியில் தங்கிய மணலையும் போக்கி, விசிறிக்குக் கீழே காயவைக்கிறேன். காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும், அதனால் கழுவ முடிவது பெரிய வசதி. சாதாரணப் போரோவில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அடைத்த பைனாகுலர் என்றால் கவலையே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். வெளிக்கண்ணாடியில் ஃபங்கஸ் வரத்தான் செய்யும், ஈரத்தோடு உறைக்குள் போட்டால் இதுவும் தப்பாது. ரப்பர் வளையம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதில் என் அனுபவம் போதாது, என்னுடையது இன்னும் புதிதுதான். மறுபக்கம், மதுரை, திருநெல்வேலி போன்ற காய்ந்த ஊரில் போரோ வைத்திருப்பவர்கள் பல வருடம் சிக்கலில்லாமல் ஓட்டுகிறார்கள். சென்னை, நாகை, நீலகிரி, வால்பாறைக்காரர்களுக்குத்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எம்5-இன் ஈடி கண்ணாடிக்கும் (நிறச்சிதறல் குறைந்த கண்ணாடி) ஒரு வார்த்தை. வெளுத்த வானத்தின் பின்னணியில் மரஉச்சியில் ஓர் இலைக்கதிர்க்குருவி தாவுகிறது, அதன் சிறகில் வெளிர்ப்பட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியில் பறவையைச் சுற்றி ஊதா விளிம்பு ஒன்று ஓடி அந்தப் பட்டையை மறைக்கும். எம்5-இல் அது வெகுவாகக் குறைவு.

இடையில் இன்னும் சில உண்டு. நிக்கான் ப்ரோஸ்டாஃப் பி7 8×42-உம் நைட்ரஜன் அடைத்ததுதான், கட்டத் திருத்தப் பூச்சும் உண்டு, ஈடி மட்டும் இல்லை. நண்பருடையதைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பார்த்ததில் நல்ல வெளிச்சத்தில் பெரிய குறை தெரியவில்லை. எம்5 எட்டவில்லை என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். போரோதான் வேண்டும், அடைத்தும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நிக்கான் ஆக்‌ஷன் ஈஎக்ஸ் 8×40 இருக்கிறது, ஆனால் 855 கிராம். வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி 8×42 கைக்குக் கச்சிதமாக இருந்தது, ஒன்றரை மீட்டர் வரை கிட்டத்தில் பார்க்கும். நீண்ட நாள் பயன்படுத்தாததால் அதைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். அதன் வாரண்டியை நம்பி வாங்குவதாக இருந்தால் பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், செலவு யாருடையது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவர், கையில் பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்றால் காசு சேரும் வரை இரண்டு வலசைப் பருவங்களைத் தவறவிட வேண்டாம், டிபிஎஸ்-1 வாங்கிவிடுங்கள். கூடவே காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, ஆரஞ்சு நிற சிலிகா ஜெல், ஈரமானி மூன்றும் வாங்குங்கள். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல் பச்சையாக மாறினால் சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறுதீயில் வைத்து நிறம் திரும்பியதும் மறுபடி போடுங்கள். களத்திலிருந்து வந்த அன்று நேராக டப்பாவுக்குள் வைக்காமல் ஓரிரு மணி நேரம் விசிறிக்காற்றில் விட்டு அப்புறம் வையுங்கள், துணி உறையை டப்பாவுக்குள் சேர்க்காதீர்கள்.

பழையது வாங்குபவர்கள் டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இழை ஒன்று தெரிந்தாலும் விலை குறைத்துத் தருகிறேன் என்பதற்கு மயங்க வேண்டாம், அதை உங்கள் கேமரா லென்ஸ் இருக்கும் டப்பாவில் வைக்கவும் வேண்டாம்.