பொத்தி ஓட்டியதால் போன இன்ஜின்: மஸ்டா ஆர்எக்ஸ்-8 காருடன் 11 ஆண்டுகள்

2013-இல் இங்கிலாந்தில் இந்த மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை 2,900 பவுண்டுக்கு வாங்கினேன். அப்போது அதற்கு வயது எட்டு. ஓடியிருந்தது 46,000 மைல். 231 குதிரைத்திறனும், நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை எகிறும் இன்ஜினும் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார், பழைய குடும்பக் கார் ஒன்றின் விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று அன்றே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

காரணம் அதன் ரோட்டரி இன்ஜின்தான். அதில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. தலா 654 சிசி கொள்ளளவுள்ள இரண்டு கூடுகளுக்குள் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழல்கின்றன; ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஏபெக்ஸ் சீல் எனப்படும் மெல்லிய உலோகப் பட்டை கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடுகிறது. 1960-களில் இந்தப் பட்டைகள் கூட்டின் உட்சுவரில் உண்டாக்கிய கீறல்களைப் பிசாசின் நகக்கீறல் என்று மஸ்டாவின் பொறியாளர்கள் அழைத்தார்களாம். அதற்கு ஒரு தீர்வு கண்ட பிறகுதான் 1967-இல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. உரசும் பட்டைக்கு மசகு வேண்டும் என்பதால், ஓடும்போதே சிறிது ஆயிலை உள்ளே செலுத்தி எரிக்கும்படிதான் இந்த இன்ஜினை வடிவமைத்திருக்கிறார்கள். எனவே ஆயில் குறைவது கோளாறு அல்ல. என் வண்டி சுமார் 1,200 மைலுக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறை டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

வண்டியைப் பொத்திப் பொத்தி ஓட்டினால் ஆயுள் கூடும் என்பது அப்பாவின் அம்பாசடரிலிருந்து நான் கற்ற பாடம். அந்தப் பாடத்தின்படியே முதல் நான்கு ஆண்டுகள், மூன்று மைல் தொலைவிலுள்ள அலுவலகத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டாமல் ஓட்டிச் சென்று வந்தேன். இந்த இன்ஜினுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. ஆர்எக்ஸ்-8 மாடலில் புகை வெளியேறும் வழியைப் பக்கச்சுவருக்கு மாற்றியதால் எரிபொருள் சிக்கனமும் மாசுக் கட்டுப்பாடும் மேம்பட்டன. ஆனால், சூடேறாத இன்ஜினை மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் எரிந்த ஆயிலின் கரி சீல்களைச் சுற்றிப் படிந்து அவற்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நன்றாகச் சூடேறிய பின் நாளுக்கு ஒரு முறையாவது சுற்றைக் காட்டும் முள்ளைச் சிவப்புக் கோட்டின் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று இதை வைத்திருப்பவர்கள் சொல்வதை நான் வீம்புப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

முதல் தண்டனை ஒரு ஞாயிறு மாலை கிடைத்தது. மனைவியின் கார் வெளியே போக வழிவிடுவதற்காக இதை ஸ்டார்ட் செய்து, இரண்டு கார் நீளம் பின்னால் நகர்த்தி, உடனே அணைத்துவிட்டேன். மறுநாள் காலை செல்ஃப் அடித்தால், வழக்கமான விட்டுவிட்டு வரும் ஒலிக்குப் பதில் மிக்ஸியைப் போல ஒரே சீராக மோட்டார் மட்டும் சுற்றியது. பெட்ரோல் வாடை வேறு. குளிர்ந்த இன்ஜினுக்குள் கூடுதலாகப் பாய்ந்த பெட்ரோல் எரியாமல் தங்கி, சீல்களின் மேலிருந்த ஆயிலைக் கழுவிவிட்டதால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று இறுகும் அழுத்தம், இல்லை. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் நின்றுவிடும், உள்ளே இருப்பது வெளியேறும் என்பதை அன்றுதான் கற்றேன். இன்றைக்கும் இந்த வண்டியை வெறுமனே நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்வதில்லை. ஸ்டார்ட் செய்தால் ஊரைச் சுற்றி வந்துதான் நிறுத்துகிறேன்.

2017-இல் மேடு ஏறும்போது வண்டி திக்கத் தொடங்கியது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் தனித்தனி இக்னிஷன் காயில். அவை 30,000 மைல் உழைத்தால் பெரிது. காயில் வலுவிழந்தால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையும் உருக்கிவிடும். 160 பவுண்டு காயில்களை நான் ஆறு மாதம் தள்ளிப்போட்டதற்கு, 480 பவுண்டுக்குப் புதிய கன்வெர்ட்டர் வாங்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாத நோய் வந்தது. நெடுஞ்சாலை பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிவிட்டு வந்து அமர்ந்தால் வண்டி எழாது. பின்னால் மூன்று கார்கள் காத்திருக்க, நான் இருபது நிமிடம் அது ஆறுவதற்காகக் காத்திருந்தேன். பக்கத்திலிருந்த பட்டறையில் பேட்டரியையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றி 290 பவுண்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. வேகமாகச் சுற்றும் புதிய ஸ்டார்ட்டர் நோயை மறைத்ததே தவிரத் தீர்க்கவில்லை.

கடைசியில் ரோட்டரி வேலை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் இதற்கு உதவாது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே காட்டும் கருவி வேண்டும். 250 சுற்றில் குறைந்தது 6.8 பார் இருக்க வேண்டிய இடத்தில், முன் ரோட்டர் 6.2, 6.0, 6.3 என்றும் பின் ரோட்டர் 5.4, 5.6, 5.1 என்றும் காட்டின. இன்ஜினை இறக்கிப் பிரித்தபோது ரோட்டர்களின் பக்கவாட்டிலுள்ள சீல்கள் கரியில் இறுகிக் கிடந்தன. பின் கூட்டின் குரோம் பூச்சு ஓரத்தில் உரிந்திருந்தது. பழைய ஏபெக்ஸ் சீல் ஒன்றையும் புதியது ஒன்றையும் அவர் என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. விரலால் தடவியபோதுதான் பழையதன் விளிம்பு தேய்ந்த கத்திபோல மழுங்கியிருப்பது புரிந்தது. கிளட்ச்சையும் சேர்த்து 3,850 பவுண்டு, வண்டி வாங்கிய விலையை விட அதிகம்.

அதன் பிறகு ஓட்டும் முறையையே மாற்றிக்கொண்டேன். அலுவலகத்துக்குப் பேருந்து, இந்த வண்டி வார இறுதியில், 40 மைலுக்குக் குறையாமல். மொபெட் காலத்தில் பெட்ரோல் பங்கில் கலந்து அடித்தோமே, அந்த டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலில் சிறிது கலக்கிறேன். ஆயிலை 3,000 மைலுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். பெட்ரோலைப் பற்றிப் பேசிப் பயனில்லை: கேலனுக்கு 18 மைல், அதாவது லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர் கூட வராது. வாங்க நினைப்பவர்கள் பதிவுத் தேதியைப் பார்க்க வேண்டும். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான வண்டிக்கு எவ்வளவு கரியமில வாயு வந்தாலும் சாலை வரி ‘கே’ பிரிவைத் தாண்டாது; 2024-இல் அது 415 பவுண்டு. அதற்குப் பின் பதிவான 231 குதிரைத்திறன் மாடலுக்கு 735.

பெட்ரோல், வரி, காப்பீடு நீங்கலாக இதுவரை 9,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. இன்ஜின் இப்போது நலமாக இருக்கிறது. சென்ற மாதம் பார்த்தபோது ஆறு முகங்களும் 7.5-க்கு மேல் காட்டின. ஆனால் பின் சக்கர வளைவுகளிலும் கதவுக்குக் கீழேயும் துரு ஏறிவிட்டது. மே மாதத் தகுதிச் சோதனைக்கு முன் இடப்பக்கத்தை வெட்டித் தகடு வைத்துப் பற்றவைக்க 350 பவுண்டு கேட்கிறார்கள். ஒப்புக்கொண்டு நாளும் குறித்தாயிற்று.